செகண்ட் மார்ட்கேஜைக் கழற்ற மறுபடியும் பேங்க்ரப்ஸி (திவால் மனு): யாராவது செய்திருக்கிறீர்களா?

மேரிலாந்துக்காரன் · 11 ஜனவரி 2014

வணக்கம். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

2006ல் வீடு வாங்கினோம், விலை 5,15,000 டாலர். கையில் முன்பணம் கிடையாது, அப்போது எல்லாரும் செய்தபடி 80-20: முதல் கடன் 4,12,000, மீதி 1,03,000 இரண்டாவது கடன். 2009ல் என் வேலை போனது. சின்னதாக ஒரு கன்சல்டிங் கம்பெனி ஆரம்பித்து அதற்கும் சொந்தக் கையெழுத்தில் கடன் வாங்கி, கிரெடிட் கார்டுகளும் ஏறி, கடைசியில் 2010 நவம்பரில் நான் மட்டும் சாப்டர் 7 (கடனை ஒரேயடியாகத் தீர்க்கும் திவால் மனு) போட்டேன். மனைவியின் கிரெடிட் கெட வேண்டாம் என்று அவளைச் சேர்க்கவில்லை. எனக்கு டிஸ்சார்ஜ் (கடனைக் கட்டும் சொந்தப் பொறுப்பிலிருந்து விடுதலை) கிடைத்துவிட்டது.

இப்போது வேலை இருக்கிறது, முதல் கடனை ஒழுங்காகக் கட்டுகிறோம், பாக்கி 4,08,000. வீடு 380 ஆயிரத்துக்கும் 400 ஆயிரத்துக்கும் நடுவில் எங்கேயோ நிற்கிறது. இரண்டாவது கடன் 98,000. அதை யாரோ ஒரு வசூல் கம்பெனி வாங்கி, ஃபோர்குளோஷர் செய்வேன், அதாவது வீட்டை ஏலம் விடுவேன் என்று கடிதம் போடுகிறது. சாப்டர் 7ல் எல்லாம் போய்விட்டது என்று நினைத்தால், கடன்தான் போயிற்று, வீட்டின் மேல் இருக்கும் லியன் (கடனுக்காக வீட்டைப் பிடிக்கும் உரிமை) போகவில்லை என்கிறார்கள். இன்னொரு வக்கீல், "சாப்டர் 13 போடு, செகண்டைக் கழற்றி எறிந்துவிடலாம்" என்கிறார். 13 என்றால் ஒரு திட்டம் போட்டு மாதாமாதம் கட்டும் வகை. நாலு வருஷத்துக்குள் இரண்டாவது மனு. இது நடக்கிற காரியமா, இல்லை அவர் ஃபீஸுக்காகச் சொல்கிறாரா?

ஃப்ரீமான்ட் மாமி · 11 ஜனவரி 2014

ஊரில் மஞ்சள் கடுதாசி கொடுத்தவன் தெருவில் தலை காட்ட மாட்டான். இங்கே ஒரு தடவை கொடுத்துவிட்டு அடுத்த தடவைக்கு யோசனை கேட்கிறீர்கள்! கோபித்துக்கொள்ளாதீர்கள் தம்பி, சும்மா சொன்னேன். வீட்டுப் பத்திரத்தில் உங்கள் மனைவி பேரும் இருக்கிறதா? அதை முதலில் சொல்லுங்கள்.

கோர்ட்டுப்புறா · 12 ஜனவரி 2014

வர்ஜீனியாவில் ஒரு பேங்க்ரப்ஸி வக்கீல் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். நான் வக்கீல் இல்லை, நான் சொல்வதை வைத்துக்கொண்டு மனு போட்டுவிடாதீர்கள். ஆனால் இந்த மாதிரி ஃபைல்கள் தினமும் என் மேஜை மேல்தான் கிடக்கின்றன.

உங்கள் வக்கீல் கதை விடவில்லை. 7ம் 13ம் சேர்த்து "சாப்டர் 20" என்று பேச்சுவழக்கில் சொல்வார்கள், சட்டத்தில் அப்படி ஒரு அத்தியாயம் கிடையாது. 7 முடித்தவர் அடுத்து 13 போடலாமா என்ற கேள்வி 1991லேயே உச்ச நீதிமன்றம் வரை போயிற்று, கான்சாஸில் ஒரு பண்ணைக் கடன் வழக்கு (ஜான்சன்). போடலாம், டிஸ்சார்ஜுக்குப் பிறகு ஒட்டிக்கொண்டிருக்கும் லியனையும் 13இன் திட்டத்தில் கொண்டுவரலாம் என்றார்கள். நல்ல நோக்கத்தோடு போட்டதா என்பதை மட்டும் நீதிபதி தனியாகப் பார்ப்பார்.

அடுத்தது, கழற்ற முடியுமா என்பது. இங்கேதான் எல்லாரும் குழம்புகிறார்கள். 1993ல் நோபல்மேன் என்று ஒரு வழக்கு. டல்லாஸில் ஒரு காண்டோ (அடுக்குமாடி வீடு), கடன் 71,335 டாலர், காண்டோவின் மதிப்போ 23,500. மதிப்பு அளவுக்கு மட்டும் கடனைக் குறைத்துக்கொடுங்கள் என்று கேட்டார்கள், குடியிருக்கும் வீட்டுக் கடனில் கைவைக்க முடியாது என்று சொல்லிவிட்டது நீதிமன்றம். ஆனால் அந்தக் கடனுக்குப் பின்னால் கொஞ்சமாவது வீட்டு மதிப்பு இருந்தது. உங்கள் செகண்டுக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை, முதல் கடனே வீட்டின் விலையை விழுங்கிவிட்டு மேலேயும் நிற்கிறது. அப்படி முழுக்க மூழ்கிய இரண்டாவது கடனுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் 2000லிருந்து வரிசையாகச் சொல்லியிருக்கின்றன.

அதனால் எல்லாம் ஒரு டாலரில் நிற்கிறது. வீட்டின் மதிப்பு முதல் கடன் பாக்கியைவிட ஒரு டாலர் கூட இருந்தாலும் 98,000 முழுசும் உட்கார்ந்துகொள்ளும். ஒரு டாலர் குறைவாக இருந்தால் முழுசும் போகும். பாதி கழற்றுவது என்ற பேச்சே இல்லை.

மூன்றாவது உங்கள் நாலு வருஷக் கணக்கு. 2005ல் சட்டத்தைத் திருத்தினபோது, 7 போட்ட தேதியிலிருந்து 4 வருஷத்துக்குள் 13 போட்டால் 13ல் டிஸ்சார்ஜ் கிடையாது என்று சேர்த்துவிட்டார்கள். 13 போடவே கூடாது என்று சொல்லவில்லை. டிஸ்சார்ஜ் இல்லாதவர் லியனைக் கழற்றலாமா என்று நாடு முழுக்க நீதிபதிகள் ஆளுக்கு ஒரு பக்கம் நின்றார்கள், இன்னும் சில இடங்களில் நிற்கிறார்கள். உங்களுக்கு அதிர்ஷ்டம், மேரிலாந்து நாலாவது சர்க்யூட்டில் (சில மாநிலங்களுக்குப் பொதுவான மேல்முறையீட்டு நீதிமன்ற வட்டாரம்) இருக்கிறது. போன வருஷம் டேவிஸ் வழக்கில் கழற்றலாம் என்று சொல்லிவிட்டார்கள். அதுவும் மேரிலாந்திலிருந்து போன வழக்குதான்.

சார்லட் சங்கர் · 12 ஜனவரி 2014

நான் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவன், வங்கியில் வராக்கடன் பிரிவு. கோர்ட்டுப்புறா சொன்ன சட்டம் சரி. நியாயம் என்ன என்று யாராவது கேட்கிறீர்களா?

இன்றைக்கு விலை கீழே கிடக்கிறது, சரி. நாளைக்கு ஏறும். 1992ல் டூஸ்நப் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தானே சொன்னது? யூட்டாவில் நிலம், கடன் 1,20,000, நிலத்தின் மதிப்பு 39,000. சாப்டர் 7ல் லியனைக் குறைக்க முடியாது, விலை ஏறினால் அந்த ஏற்றம் கடன் கொடுத்தவனுக்கு என்றார்கள். அதே ஆள் 7ல் முடியாததை 13க்கு வந்து, அதுவும் டிஸ்சார்ஜுக்கே தகுதி இல்லாத நிலையில், சாதித்துக்கொள்வது பின்வாசல் வழியாக நுழைவதுதான். 2006ல் ஒரு டாலர் முன்பணம் போடாமல் வீடு வாங்கியது யார் தப்பு?

எடிசன் அண்ணாச்சி · 12 ஜனவரி 2014

சங்கர் தம்பி, ஒரு டாலர் முன்பணம் இல்லாதவனுக்குக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கொடுத்தது யார் என்பதையும் சேர்த்துச் சொல்லும். உங்கள் வங்கி இன்றைக்கு அந்த வீட்டை ஏலம் விட்டால் செகண்டுக்கு என்ன கிடைக்கும்? பூஜ்யம். அந்தப் பேப்பரை வசூல் கம்பெனி என்ன விலைக்கு வாங்கியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியாததா! ஏலத்தில் ஒன்றும் கிடைக்காதவன் "வீட்டைப் பிடுங்குவேன்" என்று கடிதம் போடுவது பயமுறுத்திக் காசு பார்க்கத்தான்.

மேரிலாந்துத் தம்பி, நான் வரிக்கணக்குப் பார்ப்பவன், எனக்குத் தெரிந்த இடத்தில் ஒரு கேள்வி. ஊரில் நிலம், நகை, சீட்டு ஏதாவது இருக்கிறதா?

மேரிலாந்துக்காரன் · 13 ஜனவரி 2014

மாமி, பத்திரத்தில் இரண்டு பேர் பேரும் இருக்கிறது. இரண்டு கடனிலும் அவளும் கையெழுத்துப் போட்டிருக்கிறாள்.

அண்ணாச்சி, கோயம்புத்தூர் பக்கம் அப்பா 2012ல் எழுதிவைத்த ஒரு மனை, என் பேரிலும் தம்பி பேரிலும். வீட்டில் நகை உண்டு, கல்யாண நகைதான். மனையைத் தம்பி பேருக்கே மாற்றிவிட்டு அப்புறம் மனு போட்டால் சிக்கல் இருக்காதே?

கோர்ட்டுப்புறா · 13 ஜனவரி 2014

ஐயோ, தொடாதீர்கள்! மனையை மாற்றினால்தான் சிக்கலே.

உங்கள் சொத்து உலகத்தில் எங்கே இருந்தாலும் பட்டியலில் வர வேண்டும், சட்டத்தில் அப்படியே எழுதியிருக்கிறது. மனுவுக்கு முன் இரண்டு வருஷத்துக்குள் சும்மா எழுதிக்கொடுத்ததையெல்லாம் ட்ரஸ்டி (திவால் வழக்கைக் கவனிக்க நியமிக்கப்பட்டவர்) கிளறலாம். சொந்தக்காரருக்கு ஒரு வருஷத்துக்குள் திருப்பிக் கொடுத்த கைமாற்றையும் கேட்பார்கள். மறைத்தால் அது கிரிமினல் குற்றம், 5 வருஷம் வரை சிறை. எங்கள் ஆபீஸில் ஒருவருக்கு ட்ரஸ்டி கேட்ட இரண்டாவது கேள்வியே "இந்தியாவில் என்ன வைத்திருக்கிறீர்கள்" என்பதுதான்.

சொல்லிவிட்டால் உயிர் போய்விடாது. 13ல் யாரும் உங்கள் மனையை எடுத்து விற்க மாட்டார்கள். ஆனால் 7 போட்டிருந்தால் கடன்காரர்களுக்கு எவ்வளவு கிடைத்திருக்குமோ அதற்குக் குறையாமல் திட்டத்தில் கட்ட வேண்டும். மனையில் உங்கள் பங்கின் மதிப்பு, சட்டம் உங்களுக்கு விட்டுவைக்கும் அளவு போக, அந்தக் கணக்கில் ஏறும். நகையும் அப்படித்தான்.

இப்போது மாமி கேட்ட கேள்விக்கு வருகிறேன், அதுதான் உங்கள் வழக்கின் கழுத்து. மேரிலாந்தில் கணவன் மனைவி சேர்ந்து வாங்கிய வீடு பெரும்பாலும் இருவருக்கும் பிரிக்க முடியாத ஒரே சொத்தாக இருக்கும். ஒருவர் மட்டும் 13 போட்டால் நீதிமன்றத்தின் கைக்கு முழு வீடும் வராது, அதனால் லியனையும் கழற்ற முடியாது. அல்வாரெஸ் என்ற வழக்கில் இதே நாலாவது சர்க்யூட் இதே 2013ல் சொல்லிவிட்டது. டேவிஸ் கதவைத் திறந்தது, அல்வாரெஸ் உங்கள் மனைவியையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்கிறது.

மேரிலாந்துக்காரன் · 13 ஜனவரி 2014

அவள் சம்மதிக்க மாட்டாள் போலிருக்கிறது. "நீங்கள் கெடுத்துக்கொண்டது போதாதா, என் பேரையும் ஏன் இழுக்கிறீர்கள்" என்கிறாள். அவளும் வேலைக்குப் போகிறாள், அவள் கிரெடிட் 780க்கு மேல்.

இன்னொரு யோசனை: வரும் நவம்பர் வந்தால் நாலு வருஷம் முடிகிறது. அதுவரை இழுத்துப் பிடித்தால் எனக்கும் டிஸ்சார்ஜ் கிடைக்குமே?

கோர்ட்டுப்புறா · 14 ஜனவரி 2014

கிடைக்கும். ஆனால் நவம்பரில் உங்கள் வீடு என்ன விலை போகும்? போன வருஷம் உங்கள் பக்கத்தில் விலை ஏறியதைப் பார்த்தீர்கள்தானே. நீங்களோ முதல் கடனை மாதாமாதம் குறைத்துக்கொண்டே வருகிறீர்கள். ஒரு பக்கம் மதிப்பு ஏறுகிறது, இன்னொரு பக்கம் பாக்கி இறங்குகிறது, இரண்டும் சந்திக்கிற அன்றைக்கு உங்கள் ஒரு டாலர் போயிற்று. டிஸ்சார்ஜ் உங்களுக்கு எதற்கு? உங்கள் சொந்தப் பொறுப்பு 2010 மனுவிலேயே தீர்ந்துவிட்டது. மனைவி இதுவரை எதுவும் போட்டதில்லை, அவருக்கு 13ல் டிஸ்சார்ஜ் உண்டு, செகண்டில் அவர் போட்ட கையெழுத்தும் அதோடு தீரும். உங்கள் வீட்டில் டிஸ்சார்ஜ் தேவைப்படுகிற ஆள் அவர்தான்.

சம்பளத்தை மறைக்கவும் முடியாது. அவர் சேராவிட்டாலும் வீட்டு வருமானக் கணக்கில் அவர் சம்பளம் வந்தே தீரும். இரண்டு சம்பளம் என்றால் மாநில நடுவருமானத்தைத் தாண்டிவிடுவீர்கள், திட்டம் 60 மாதம்.

ஒன்றை நன்றாக மனதில் வையுங்கள். லியன் கழன்றது என்று நீதிபதி உத்தரவு போட்ட அன்றே எல்லாம் முடிந்துவிடாது. 60 மாதமும் கட்டி முடித்தால்தான் நிற்கும். நடுவில் கேஸ் தள்ளுபடியானால் லியன் எழுந்து வந்து பழைய இடத்தில் உட்காரும், வட்டியோடு. 7க்கு மாற்றிக்கொண்டாலும் அதே கதி.

ஃப்ரீமான்ட் மாமி · 14 ஜனவரி 2014

தம்பி, இதை உங்கள் மனைவியை உட்காரவைத்துப் படிக்கச் சொல்லுங்கள். அம்மா, 780 ஸ்கோரை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறீர்கள், இந்த வீட்டையே விற்க முடியாதபோது இன்னொரு வீடா வாங்கப் போகிறீர்கள்? 98,000க்கு அவன் உங்கள் மேல் வழக்குப் போட்டால் ஸ்கோர் தானாக இறங்கும். உங்கள் வீட்டுக்காரர் தப்பித்துவிட்டார், மாட்டியிருப்பது நீங்கள். கோபத்தை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

அட்லாண்டா அருள் · 15 ஜனவரி 2014

எங்கள் பக்கம் கதையே வேறு. ஜார்ஜியா, ஃப்ளோரிடா, அலபாமா பதினோராவது சர்க்யூட். 2012லிருந்து இங்கே சாப்டர் 7லேயே மூழ்கிய செகண்டைக் கழற்றுகிறார்கள், 13 வரை போகவே வேண்டாம். வேறு எந்த சர்க்யூட்டிலும் இப்படி இல்லை என்று என் வக்கீல் சொன்னார். உச்ச நீதிமன்றம் இதை எவ்வளவு நாள் விட்டுவைக்கும் என்பதுதான் தெரியவில்லை.

நான் 13ல் இருக்கிறேன், பட்டறிவு ஒன்று சொல்கிறேன். லியனைக் கழற்றும் மனுவை வங்கிக்கு அனுப்பும்போது சாதாரணத் தபாலில், "வசூல் பிரிவு" என்று முகவரி எழுதி அனுப்பிவிட்டார்கள் என் வக்கீல் ஆபீஸில். காப்பீடு உள்ள வங்கி என்றால் சர்ட்டிஃபைட் தபாலில், வங்கியின் ஒரு அதிகாரிக்கு என்று முகவரி போட்டு அனுப்ப வேண்டும், பேங்க்ரப்ஸி விதி 7004இல் அப்படித்தான் இருக்கிறது. வங்கி வரவில்லை, உத்தரவும் வந்தது, எனக்கும் ஒரே சந்தோஷம். சில மாதம் கழித்து வங்கியின் வக்கீல் வந்து "எங்களுக்குத் தகவலே வரவில்லை" என்றார், உத்தரவு செல்லாமல் போய் மறுபடி முதலிலிருந்து. தபால் ரசீதை நீங்களே வாங்கிப் பாருங்கள்.

எடிசன் அண்ணாச்சி · 15 ஜனவரி 2014

வரி பற்றி யாரும் கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். தள்ளுபடியான கடனுக்கு வங்கி 1099-சி (கடன் தள்ளுபடியானதை வரித்துறைக்குச் சொல்லும் படிவம்) அனுப்பினால் பதறாதீர்கள். பேங்க்ரப்ஸியில் தீர்ந்த கடன் வருமானம் ஆகாது, வரிக்கணக்கோடு படிவம் 982ஐச் சேர்த்து அனுப்ப வேண்டும். அனுப்பாமல் விட்டால் ஐ.ஆர்.எஸ். (வரித்துறை) கணினி அதை வருமானம் என்றே எடுத்துக்கொண்டு நோட்டீஸ் அடிக்கும்.

மேரிலாந்துக்காரன் · 9 ஆகஸ்ட் 2014

நன்றி சொல்ல வந்தேன். மார்ச்சில் இருவரும் சேர்ந்து மனு போட்டோம். மாமி எழுதியதைப் படித்துவிட்டு அவள் ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை, அப்புறம் "எங்கே கையெழுத்துப் போடணும்" என்றாள்.

வசூல் கம்பெனி சும்மா விடவில்லை. வீட்டுக்குள் வராமல் காரில் இருந்தபடியே பார்த்துவிட்டு ஒரு ஏஜென்ட் எழுதிய மதிப்பீட்டைக் கொண்டுவந்தார்கள், 4,19,000. எங்கள் அப்ரைசர் 3,84,000 போட்டிருந்தார். அவர் பேஸ்மென்ட்டில் டார்ச் அடித்து, சுவரின் அடியில் ஓடிய ஈரக் கறையையும் அங்கே வைத்திருந்த கார்ப்பெட்டைத் தூக்கிக் கீழே பூசணம் பூத்திருந்ததையும் படம் எடுத்திருந்தார். விசாரணையில் நீதிபதி அவர்கள் ஆளிடம் கேட்டது ஒன்றுதான்: "நீங்கள் உள்ளே போனீர்களா?" மதிப்பு 3,84,000 என்றே உத்தரவு. இந்தப் பேஸ்மென்ட்டைச் சரிசெய்யவில்லையே என்று மழைக்காலமெல்லாம் வீட்டில் திட்டு வாங்கியிருக்கிறேன்.

மனையைப் பட்டியலில் போட்டோம். ஊரிலிருந்து வழிகாட்டி மதிப்பும் பத்திர நகலும் மொழிபெயர்த்து வாங்க வேண்டியிருந்தது. மாதக் கட்டணம் அதனால் கொஞ்சம் ஏறியது, அவ்வளவுதான்.

அட்லாண்டா அருள் · 2 ஜூன் 2015

நேற்று தீர்ப்பு வந்துவிட்டது. கால்கெட் வழக்கு, ஃப்ளோரிடாவிலிருந்து போனது. முழுக்க மூழ்கிய செகண்டாக இருந்தாலும் சாப்டர் 7ல் கழற்ற முடியாது என்று நீதிபதி தாமஸ் எழுதியிருக்கிறார், எங்கள் சர்க்யூட்டின் சலுகை அதோடு போச்சு. இனி எல்லாருக்கும் 13 ஒன்றுதான் வழி.

சார்லட் சங்கர் · 2 ஜூன் 2015

நான் முதலிலேயே சொன்னேனா இல்லையா, டூஸ்நப் டூஸ்நப்தான்.

கோர்ட்டுப்புறா · 3 ஜூன் 2015

சங்கர் சார், கொண்டாடிக்கொள்ளுங்கள், ஆனால் தீர்ப்பு 7ஐப் பற்றி மட்டும்தான். 13க்கு அது கைவைக்கவில்லை. டிஸ்சார்ஜ் இல்லாமல் கழற்றலாம் என்பதை போன வருஷம் பதினோராவது சர்க்யூட்டும் ஸ்கான்ட்லிங் வழக்கில் ஒத்துக்கொண்டுவிட்டது. அருள், ஜார்ஜியாவில் 7 முடித்துவிட்டு இன்னும் செகண்டோடு நிற்கிறவர்களுக்கு இது உதவும், தெரிந்தவர்களுக்குச் சொல்லுங்கள்.

மேரிலாந்துக்காரன் · 20 மே 2019

முடிந்தது. கடைசித் தவணை கட்டி, ட்ரஸ்டியின் அறிக்கை வந்து, மனைவிக்கு டிஸ்சார்ஜும் வந்துவிட்டது. நடுவில் ஒரு தடவை எனக்கு வேலை போய், திட்டத்தை மாற்றி எழுத வேண்டியிருந்தது. அந்த மாதங்களில் கேஸ் தள்ளுபடி ஆகிவிடுமோ என்ற பயத்திலேயே இருந்தோம்.

சார்லட் சங்கர் · 21 மே 2019

வாழ்த்துகள். ஆனால் கேட்காமல் இருக்க முடியவில்லை: இன்றைக்கு வீடு என்ன விலை?

மேரிலாந்துக்காரன் · 21 மே 2019

4,70,000 சொல்கிறார்கள். நீங்கள் என்ன சொல்ல வருகிறீர்கள் என்று புரிகிறது சார். அந்த ஏற்றத்தை நான் எடுத்துக்கொண்டேன், அவர்களுக்குப் போகவில்லை, உண்மைதான். 2014ல் விலை இன்னும் இறங்கியிருந்தால் அந்த நஷ்டமும் என்னுடையதுதான், முதல் கடனை நான்தான் கட்டிக்கொண்டிருந்தேன்.

ஆஷ்பர்ன் நண்டு · 14 ஆகஸ்ட் 2023

பழைய இழையைத் தோண்டுவதற்கு மன்னிக்கவும். 2006ல் செகண்ட், 2011ல் நானும் மனைவியும் சாப்டர் 7. அதற்குப் பிறகு செகண்ட் பற்றி ஒரு தபால்கூட வரவில்லை, மறந்தே போனோம். இப்போது பேரே கேள்விப்படாத ஒரு கம்பெனி 1,90,000 கட்டு, இல்லையென்றால் ஏலம் என்கிறது. வீடு 7,20,000 போகும், முதல் கடன் 3,60,000. மேலே சொன்னபடி 13 போட்டுக் கழற்றிவிடலாமா?

கோர்ட்டுப்புறா · 15 ஆகஸ்ட் 2023

கழற்ற முடியாது. உங்கள் வீட்டில் ஒரு டாலர் அல்ல, லட்சக்கணக்கில் மதிப்பு இருக்கிறது. 2012, 2013ல் வந்திருந்தால் கதை வேறு. இப்போது இந்த மாதிரி தூங்கி எழுந்த செகண்டுகள்தான் எங்கள் ஆபீஸுக்கு அதிகம் வருகின்றன, விலை ஏறியதும் பழைய பேப்பரைத் தூசி தட்டி எடுக்கிறார்கள்.

ஆனால் 1,90,000 என்ற கணக்கை அப்படியே நம்பாதீர்கள். உங்கள் சொந்தப் பொறுப்பு 2011லேயே போய்விட்டது, சம்பளத்தைத் தொட முடியாது, வீட்டை மட்டும்தான் பிடிக்க முடியும். கடனைக் கணக்கிலிருந்து தள்ளிவிட்டோம் என்று சொல்லி மாத அறிக்கையை நிறுத்தியிருந்தால் அந்தக் காலத்துக்கு வட்டியும் கட்டணமும் போடக்கூடாது, அதை எழுத்தில் கேளுங்கள். காலாவதியான கடனுக்கு ஏலம் விடுவேன் என்று வசூல்காரர் மிரட்டக்கூடாது என்று நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு 2023 ஏப்ரலில் சொன்னது. உங்கள் கடன் காலாவதியா என்பது மாநிலச் சட்டத்தைப் பொறுத்தது, வக்கீல் பார்க்க வேண்டும். கையில் மூல நோட்டும் (நீங்கள் கையெழுத்திட்ட கடன் பத்திரம்) ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் பத்திரமும் வைத்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள். எதுவும் நடக்காவிட்டால் 13ஐ வேறு விதமாகப் பயன்படுத்தலாம்: ஏலத்தை நிறுத்தி, நிலுவையை 5 வருஷத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டுவது. பதில் வரும்வரை ஒரு டாலர்கூட அனுப்பாதீர்கள்.

மேரிலாந்துக்காரன் · 16 ஆகஸ்ட் 2023

நண்டு சார், உங்களுக்கு உதவாது, ஆனால் என்னைப் போல 13 முடித்தவர்கள் இதைப் படித்தால் உதவும். 2021ல் ரீஃபைனான்ஸ் செய்ய (புதுக் கடன் வாங்கிப் பழையதை அடைக்க) போனபோது, வீட்டு உரிமைப் பதிவைச் சரிபார்க்கும் டைட்டில் கம்பெனி பழைய செகண்ட் இன்னும் பதிவில் இருக்கிறது என்று நிறுத்திவிட்டது. வசூல் கம்பெனி விடுவிப்புப் பத்திரம் பதிவு செய்யவே இல்லை, நாங்களும் பார்க்கவில்லை. பேங்க்ரப்ஸி நீதிமன்றத்தில் லியன் உத்தரவுக்கும் டிஸ்சார்ஜுக்கும் சான்றிட்ட நகல் வாங்கி, கவுன்ட்டி சர்க்யூட் கோர்ட்டின் நிலப் பதிவேட்டில் நாங்களே பதிந்தோம். பதியும்போது பழைய பத்திரத்தின் புத்தக எண்ணும் பக்க எண்ணும் மேலே எழுதியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் தேடுகிறவர் கண்ணில் அது படாது.

ஆஷ்பர்ன் நண்டு · 2 செப்டம்பர் 2023

எழுத்தில் கேட்டேன். நோட்டின் நகல் அனுப்பியிருக்கிறார்கள், நடுவில் ஒரு கம்பெனியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிய பத்திரம் மட்டும் இல்லை. 2012லிருந்து வட்டி எப்படிப் போட்டார்கள் என்ற கேள்விக்குப் பதில் இல்லை. வெள்ளிக்கிழமை வக்கீலைப் பார்க்கிறேன்.